பட்டம் முன்னதா, பணி முன்னதா?

கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்தவள். அவளுடைய வீட்டில் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். தந்தை கடல்தொழில் செய்பவர். "சார், நான் பி.எச்டி.க்குச் சேரலாமா?" என்று கேட்டாள்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் பெயருக்கு முன்னும் 'முனைவர்' என்ற சொல் உண்டு. ஆகவே யோசிக்கவே இல்லை. "தாராளமாகச் சேரலாம் அம்மா. இதிலென்ன சந்தேகம்?" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு நடந்துவரும் வழியிலேயே என் பதில் என்னை உறுத்தத் தொடங்கிவிட்டது. அவளிடம் நான் எதையுமே கேட்கவில்லை. எதைப் பற்றி ஆராயப் போகிறாய், எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று தெரியுமா, அதுவரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்ற ஒரு கேள்வியும் என் வாயிலிருந்து வரவில்லை. ஓர் ஆன்மாவின் ஐந்தாறு ஆண்டுகளை, வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டே, ஒற்றைச் சொல்லில் தீர்த்துவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்த இரவில் தொடங்கியது.

முதலில் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் முதுகலைக்குப் பின் எம்.ஃபில். என்றொரு படி இருந்தது. ஓராண்டு ஆராய்ச்சியைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் கௌரவமாக விலகிக்கொள்ளலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் அந்தப் படியை எடுத்துவிட்டன. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுகள், கூடியது 6 ஆண்டுகள் என்பது அதே விதிமுறைகள் வகுத்த கணக்கு. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் அளவுக்குத் தேறினால், 2023 தொடக்கத்திலிருந்து மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தப்பட்ட தொகை கிடைக்கும். அது கிடைப்பவர் சிலரே. மற்றவர்கள் கைக்காசைப் போட்டோ, ஒரு சுயநிதிக் கல்லூரியில் தொகுப்பூதியத்துக்கு வகுப்பெடுத்துக்கொண்டோ ஆராய்ச்சி செய்ய வேண்டும். இன்னொன்றையும் பலர் அறியாதிருக்கிறார்கள்: உதவிப் பேராசிரியர் பணியில் சேர முனைவர் பட்டம் கட்டாயம் என்று ஒரு கட்டத்தில் அறிவித்தார்கள்; 2023 ஜூலை முதல் தகுதித் தேர்வே குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் கட்டாயமன்று என்று மாற்றினார்கள். சட்டப்படி வாயில் திறந்திருக்கிறது. ஆனால் வாயிலுக்கு உள்ளே நாற்காலிகள் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

இது உலகியல் கணக்கு. என்னை உறங்கவிடாதது வேறு கணக்கு.

நம் மறையுரைகளில் தாலந்து உவமை படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். மதிப்பெண் நன்றாக வாங்கும் எந்தப் பிள்ளையைக் கண்டாலும், "தாலந்தைப் புதைத்துவிடாதே, மேலே படி" என்கிறோம். மேலே படிப்பதுதான் தாலந்தைப் பெருக்குவது என்று யார் சொன்னது? வகுப்பறையில் நான்கு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் பெருக்குவதுதான். மறுபக்கம், பட்டத்தின்மேல் ஆசையே தற்பெருமை என்று முகஞ்சுளிக்கும் பக்திமான்களும் நம்மிடையே உண்டு. அவர்களையும் நான் முழுதாகக் குறைசொல்ல மாட்டேன். ஒரு பங்குத் திருவிழா அழைப்பிதழில் தம் பெயருக்கு முன் 'முனைவர்' என்று அச்சிட மறந்துவிட்டார்கள் என்பதற்காக ஒன்பது நாள் நவநாளுக்கும் வராமலிருந்த ஒருவரை நான் அறிவேன்.

புனித அக்குவினாத் தோமையார் இவ்விரு கூட்டத்தாரையும்விட நுட்பமாகப் பார்த்தார். அறிவை நாடும் நல்ல முயற்சி ஒன்று, அறிவின்மேல் கொள்ளும் ஒழுங்கற்ற வேட்கை மற்றொன்று எனத் தம் 'இறையியல் தொகுப்பில்' அவர் பிரித்துக்காட்டுகிறார். முன்னதை நற்பண்பாகவும் பின்னதைக் குற்றமாகவும் வைக்கிறார். கற்கும் பொருள் நல்லதாகவே இருக்கலாம்; பெருமைக்காகக் கற்றாலோ, தன்மேல் விழுந்த கடமையை விட்டுவிட்டு அதைவிடப் பயன் குறைந்த ஒன்றின்பின் ஓடினாலோ, அந்தக் கல்வியே குற்றமாகலாம் என்கிறார். உண்மையை அறிவதில் குற்றமில்லை. எதற்காக அறிகிறோம், எதை விட்டுவிட்டு அறிகிறோம் என்பதில்தான் குற்றம் நுழைகிறது.

இக்கேள்வியில் ஒரு புனிதரே தடுமாறி நின்றார் என்பது பலருக்குத் தெரியாது. லொயோலா நகர்ப் புனித இஞ்ஞாசியார், தம் முதுமையில் சக துறவி ஒருவரிடம் சொல்லி எழுதுவித்த வாழ்க்கைக் குறிப்பில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பட்டாளத்தில் இருந்தவர்; மனமாற்றத்துக்குப் பின், ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று கண்டு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு, 1524இல் பார்சலோனா நகரில் சிறுவர்களுக்குரிய இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால், அப்போது பார்த்துத் தெய்வீகச் சிந்தனைகளும் ஆன்ம இன்பமும் பொங்கி வருமாம். பாடம் ஏறாது. சில நாள் கழித்து அவருக்கு ஓர் ஐயம்: செபத்திலும் திருப்பலியிலும் வராத இந்த இன்பம், இலக்கணம் படிக்கும்போது மட்டும் ஏன் வருகிறது? இது சோதனை என்று தெளிந்தார். ஆசிரியரைக் கடல் மாதா ஆலயத்துக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்து, "இந்நகரில் உண்ண அப்பமும் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும்வரை, இந்த ஈராண்டும் உம் வகுப்புக்கு வரத் தவறமாட்டேன்" என்னும் கருத்தில் வாக்குக் கொடுத்தார். அதன்பின் அச்சோதனை வரவில்லையாம். பக்தியின் பெயராலேயே படிப்பைத் தட்டிக்கழிக்கவும் முடியும் என்று கண்டுகொண்ட மனிதர் அவர்.

1528இல் அவர் பாரிசு நகருக்கு நடந்தே சென்றார். அங்கே அவர் பட்ட பாடு நம் ஏழை மாணவர்களுக்கு அந்நியமானதன்று. கையிலிருந்த 25 பொற்காசுகளை உடன் தங்கிய ஒருவரிடம் நம்பிக் கொடுத்துவைத்தார். அவர் அதைச் செலவழித்துவிட்டார். இஞ்ஞாசியார் ஏழைகளுக்கான விடுதியில் தங்கினார். விடுதிக்கதவு திறக்கும் நேரமும் அடைக்கும் நேரமும் கல்லூரி நேரத்தோடு ஒத்துவராததால் வகுப்புகளை இழந்தார். ஆண்டுதோறும் ஃபிளாண்டர்சு நாட்டு வணிகரிடம் சென்று பிச்சையெடுத்து, அந்தப் பணத்தில் ஓராண்டு படித்தார். இவ்வாறு மூன்றாம் ஆண்டு வந்தபோது, இளங்கலைப் பட்டத்துக்குரிய ஒரு சடங்கு குறுக்கிட்டது. மாணவர்கள் அதைக் 'கல்லெடுத்தல்' என்று வழங்கினார்கள். அதற்கு ஒரு பொற்காசு செலவாகும். பரம ஏழைகள் சிலரால் அது முடியாது. இஞ்ஞாசியாருக்கு ஐயம் வந்துவிட்டது: பிச்சையெடுத்த காசில் ஒரு பொற்காசை இந்தப் பட்டத்துக்காகச் செலவிடுவது தகுமா?

தாமே முடிவெடுக்க முடியாமல் அதைத் தம் ஆசிரியரிடம் விட்டார். எடுத்துக்கொள் என்றார் ஆசிரியர். எடுத்துக்கொண்டார். அப்போதும் குறைசொன்ன ஒருவர் இருந்தார் என்பதையும் மறவாமல் சொல்லியிருக்கிறார்! நம்முடைய அழைப்பிதழ்க்காரரும் முகஞ்சுளிக்கும் பக்திமானும் அன்றும் இருந்திருக்கிறார்கள் போலும்.

ஒரு பொற்காசுக்காகவா இவ்வளவு தயக்கம் என்று தோன்றலாம். அந்தக் காசு பிறர் கொடுத்தது. பட்டமோ தமக்குக் கிடைப்பது. அந்த இடைவெளிதான் அவர் மனச்சான்றைத் தொட்டது என்று நான் நினைக்கிறேன். பட்டம் வேண்டாம் என்றும் அவர் ஓடவில்லை. பட்டம் என்றதும் பாயவுமில்லை. அவரால் நின்று பார்க்க முடிந்தது.

பின்னாளில் நிறைவுபெற்ற அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில், தேர்வு செய்வது பற்றிய பகுதியில் இந்தப் பழக்கம் விதியாகவே வருகிறது. நோக்கம் ஒன்று, அதற்குக் கருவி ஒன்று. முதலில் நோக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அதற்குப் பொருந்தும் கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் மனிதர் பலர் முதலில் திருமணத்தையோ பதவி வருவாயையோ தேர்ந்துவிட்டு, அதன்பின் அதில் இருந்துகொண்டு இறைவனுக்கு எப்படி ஊழியம் செய்யலாம் என்று பார்க்கிறார்கள். தாம் இறைவனிடம் போகாமல் இறைவனைத் தம் இடத்துக்கு வரச் சொல்கிறார்கள் என்கிறார். இந்த இடத்தை வாசித்தபோது 'பதவி வருவாய்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'முனைவர் பட்டம்' என்று வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பாரிசில் இஞ்ஞாசியாரோடு ஒரே அறையில் தங்கியவர் புனித சவேரியார். அவர் அங்கே முதுகலை முடித்து, ஒரு கல்லூரியில் தத்துவமும் கற்பித்தவர். அதே சவேரியார், எங்கள் முத்துக்குளித்துறைக் கரையில் ஓராண்டுக்கு மேல் வெயிலில் அலைந்துவிட்டு, 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் தோழர்களுக்கு எழுதிய மடல் புகழ்பெற்றது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாகப் பாரிசுக்குப் போய், புத்தி பேதலித்தவனைப்போலக் கூச்சலிட வேண்டும் என்று தமக்குப் பலமுறை தோன்றியதாக எழுதுகிறார். அவருடைய வருத்தம் கல்வியின்மேல் அன்று. பட்டமும் பதவியும் முதலில் கிடைக்கட்டும், அதைக்கொண்டு பிறகு இறைவனுக்கு ஊழியம் செய்வோம் என்று படிப்பவர்கள்மேல். பாருங்கள், தோழர் இருவரும் ஒரே புண்ணைத்தான் தொட்டிருக்கிறார்கள். அந்த மடலில் பேசப்படும் கரையில், அந்தச் சவேரியாரிடம் செபம் கற்ற மக்களின் வழியில் வந்தவள்தான் கோயில் முற்றத்தில் என்னிடம் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு அவளைத் தேடிப்போய், "போன வாரம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எதைப் பற்றி ஆராயப் போகிறாய்?" என்றேன்.

"கைடு என்ன தர்றாங்களோ அது சார்" என்றாள்.

அவள்மேல் எனக்குக் கோபமில்லை. நம் துறைகளில் பெரும்பாலோர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதைப்போல, முதலில் பட்டம், பிறகு நெறியாளர், கடைசியில் பொருள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றால், குற்றவாளியின் தகுதி உண்டு. இதை எழுத மனம் ஒப்பவில்லை. எழுதாமல் மேற்கொண்டு சொல்வது நேர்மையுமன்று.

நான் ஆராய்ந்தது ஜெரார்டு மேன்லி ஹாப்கின்சு என்னும் இயேசு சபைக் குருவின் கவிதைகளை. ஊதிய உயர்வுக்காகவும், உடன் பணியாற்றியவர்கள் பதிவு செய்துவிட்டார்கள் என்பதற்காகவும்தான் பதிவு செய்தேன். பொருளை நெறியாளர் தந்தார். 1993இல் பட்டம் கிடைத்தது. நான் படிக்க முடிந்ததற்குக் காரணம் என் அண்ணன். எட்டாம் வகுப்போடு நின்று ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகச் சிறு கடை வைத்து, என்னை முதுகலைவரை படிக்க வைத்தவர். நான் ஆராய்ச்சியில் இருந்த காலத்தில் அம்மாவின் மருத்துவச் செலவையும் அவரே பார்த்துக்கொண்டார். என் ஆய்வேட்டைப் பொன்னெழுத்துப் பொறித்த அட்டையோடு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் புரியாது என்று தெரிந்தும் கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

"இதுல என்ன தம்பி எழுதியிருக்க?" என்று கேட்டார்.

"ஒரு சாமியார் எழுதின பாட்டுங்களப் பத்தி அண்ணே."

"அவரு என்ன எழுதினாரு?"

"அது கஷ்டம் அண்ணே. சொன்னா விளங்காது" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு ஏட்டை மூடினார். மறுபடி கேட்கவில்லை.

விளங்காதது ஒன்றுமில்லை. 1875 திசம்பரில், செருமனியில் கத்தோலிக்கருக்கு எதிராகப் போட்ட சட்டங்களால் நாடு கடத்தப்பட்ட பிரான்சிஸ்கு சபைக் கன்னியர் ஐவர் ஏறிச்சென்ற 'டாய்ச்லாந்து' என்ற கப்பல், தேம்சு நதியின் முகத்துவாரத்துக்கு அருகே மணல்திட்டில் தட்டியது. கடுங்குளிரில் ஐவரும் மாண்டார்கள். கவிதைகளை எரித்துவிட்டு 1868இல் துறவு மடத்தில் சேர்ந்து, ஏழாண்டுகள் கவிதையே எழுதாமலிருந்த ஹாப்கின்சு, செய்தித்தாளில் அதைப் படித்துக் கலங்கினார். இதைப் பற்றி யாரேனும் ஒரு பாடல் எழுதினால் நன்று என்று அவருடைய அதிபர் சொன்னார். அவர் எழுதினார். அவருடைய சபையாரின் இதழே அதை வெளியிட முன்வரவில்லை. 1889இல் தேர்வுத்தாள் திருத்தித் திருத்திக் களைத்துப்போன பேராசிரியராக டப்ளின் நகரில் இறந்தார். 29 ஆண்டுகள் கழித்து, 1918இல், நண்பர் ஒருவர் அவருடைய கவிதைகளை நூலாக்கினார். அதன்பிறகே உலகம் அவரை அறிந்தது.

கடலில் போய்த் திரும்பாதவர்களுக்காக எத்தனையோ பூசைகளில் மண்டியிட்டவர் என் அண்ணன். மூழ்கும் கப்பலில் ஒரு கன்னிகை இறைவனை அழைத்தாள் என்றால் அவருக்கா விளங்காது? என் தேர்வாளர்களைவிட நன்றாக விளங்கியிருக்கும். அதை அவருக்கு எடுத்துச் சொல்லும் மொழி என்னிடம் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மொழி இருந்தது. எடுத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம்தான் இல்லை, ஏனென்றால் நான் அந்த ஏட்டை எழுதியது எவருக்கும் எதையும் எடுத்துச் சொல்வதற்காக அன்று. அண்ணன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

ஆங்கிலம் நமக்கெதற்கு, தமிழில் ஆராயட்டுமே என்று சிலர் கேட்கக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பின்பு முன்சீப்பாக உயர்ந்தவர். ஆங்கிலத்திலிருந்த தீர்ப்புகளைச் சாதாரண மக்களுக்காகத் தமிழில் தந்தார். 1879இல் தமிழுக்கு முதல் நாவலையும் தந்தார். தனிநாயகம் அடிகளார் 1952இல் 'தமிழ்ப் பண்பாடு' என்ற பொருள்படும் பெயரில் ஆங்கில இதழைத் தொடங்கியது, தமிழை உலகின் காதில் போடுவதற்காக. அவரும் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர்தான். இவர்கள் இருவரும் ஆங்கிலத்தைப் பாலமாக வைத்து இரு கரைக்கும் நடந்தார்கள். நான் பாலத்தில் ஏறி நடுவில் வீடு கட்டிக்கொண்டேன். வேறுபாடு அவ்வளவுதான்.

ஆய்வேட்டை விலைக்கு எழுதி வாங்குவது பற்றி இங்கே ஒரு சொல். அதைப் பற்றி அதிகம் விவாதிக்க ஒன்றுமில்லை. பிறர் உழைப்பைத் தன்னதென்பது ஏழாம் கட்டளைக்கும், பட்டமளிப்பு மேடையில் அதைத் தன்னதென்று ஏற்பது எட்டாம் கட்டளைக்கும் விரோதம். கணினியே பத்தி பத்தியாக எழுதித் தரும் இக்காலத்திலும் கட்டளைகள் மாறவில்லை. ஆனால் இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதால் அது சொத்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள் போலும்.

கடினமான கேள்வி வீட்டைப் பற்றியது. தாய் தந்தையரைப் போற்று என்பது நான்காம் கட்டளை. அந்தப் பெண்ணின் தந்தைக்குப் படகுக்கடன் இருக்கிறது. தங்கை ஒருத்தி பள்ளியில் படிக்கிறாள். முதுகலை முடித்தவள் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தால் நாளைக்கே வீட்டுக்குக் கொஞ்சம் பணம் வரும். ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் ஆண்டுக்கணக்கில் வராமலும் போகலாம். இதில் ஒருவர் எளிதாக, "குடும்பத்தைப் பார், படிப்பு எதற்கு?" என்று சொல்லிவிடலாம். பெண்பிள்ளை என்றால் அந்தச் சொல் இன்னும் எளிதாக வரும். மகனாக இருந்தால் அதே வீடு நகையை அடகு வைத்துப் படிக்க அனுப்பும். இந்த அநீதியை நான்காம் கட்டளையின் போர்வைக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. ஆனாலும் கடன் கடன்தான். அது உண்மையானது. ஆணோ பெண்ணோ, படிப்பவரின் கனவுக்காக வேறொருவர் பசி கிடக்கிறார் என்றால், அந்த வேறொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்டிருக்கவும் வேண்டும். என் அண்ணன் ஒப்புக்கொண்டாரா என்று நான் கேட்டதே இல்லை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று ஆண்டவர் சொன்னது லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே அவர் பேசுவது சீடத்துவத்தைப் பற்றி. ஆனால் உட்கார்ந்து கணக்கிடுவது அவநம்பிக்கை அன்று என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

இஞ்ஞாசியார் தரும் வழிகள் இரண்டு எனக்கு உதவியாக இருந்தன. ஒன்று: இதுவரை நீ பார்த்தேயிராத ஒரு மனிதன், அவனுக்கு நன்மையே வர வேண்டும் என்று நீ விரும்புகிறாய்; அவன் உன்னிடம் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வாய்? அதையே நீ செய். மற்றொன்று: உன் மரண நேரத்தில் எதைத் தேர்ந்திருந்தால் நன்றென்று நினைப்பாய்? இவற்றை வாசித்து, ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம் என்ற முடிவுக்கு வருவார்கள் என்று எண்ண வேண்டாம். மரணப் படுக்கையில், "நான் நேசித்த அந்த ஒன்றைக் கடைசிவரை ஆராய்ந்திருக்கலாமே" என்று வருந்துபவரும் இருப்பார்.

ஏற்கெனவே சேர்ந்து பாதி வழியில் மனம் சோர்ந்திருப்பவர்களும் இதை வாசிக்கலாம். மனம் வறண்டிருக்கும் வேளையில் முன்செய்த தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் கண்டிப்பான சொல். நெறியாளர் முகங்கொடுத்துப் பேசாத வாரத்தில் முடிவெடுக்கக் கூடாது. ஆனால் குருத்துவம், திருமணம் போல மாற்றவியலாத தேர்வு வேறு, மாற்றக்கூடிய தேர்வு வேறு என்று அவரே பிரிக்கிறார். முனைவர் பட்டப் பதிவு மாற்றக்கூடியது. அமைதியான மனத்தோடு, செபத்தோடு விலகுகிறவர் தோற்றவர் அல்லர். இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விலகிய பிள்ளைகள் உறவினர் வீட்டுத் திருமணங்களுக்கு வரவே கூசுகிறார்கள்.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்த இரண்டாம் வாரம் அந்தப் பெண் மறுபடி வந்தாள். கையில் ஒரு பள்ளி நோட்டு. கடலைப் பற்றிய ஆங்கில நாவல்கள் இரண்டையும், எங்கள் கரையைப் பற்றி ஜோ டி குருஸ் எழுதி 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கொற்கை'யையும் வாசித்துக் குறிப்பெடுத்திருந்தாள். ஆங்கில நாவல்களில் கடலுக்குப் போகிறவன் பெரும்பாலும் கப்பலில் போகிறான், கரையில் அவனுக்காகக் காத்திருப்பவர்கள் பேசுவதே இல்லை, அதை எழுத வேண்டும் போலிருக்கிறது என்றாள். ஆறாண்டு ஆராய்ச்சியைத் தாங்குமா இந்தப் பொருள் என்று எனக்கு இன்னும் ஐயம் உண்டு. அதை அவளிடம் சொன்னேன். "தாங்கலைன்னா மாத்திக்கலாம்ல சார்?" என்றாள். மாற்றலாம் என்றேன். சூன் மாதத் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். உதவித்தொகை கிடைத்தால் சேர்வது, கிடைக்காவிட்டால் ஈராண்டு பள்ளியில் கற்பித்துக்கொண்டே மறுபடி எழுதுவது என்று வைத்திருக்கிறாள்.

வீட்டில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். சொல்லிவிட்டேன் என்றாள். ஆனாலும் அன்று மாலை நானே கரைப்பக்கம் போனேன். அவளுடைய தந்தை வலை பொத்திக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரை அமர்த்திவிட்டு நானும் மணலில் உட்கார்ந்தேன்.

"எத்தன வருசம் சார் படிக்கணும்?" என்று கேட்டார்.

"ஐந்து ஆகும். ஆறுகூட ஆகலாம்."

"மூணுன்னுல்ல சொன்னா."

"மூன்று என்பது குறைந்த அளவு. மூன்றில் முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை."

நூலைப் பல்லில் கடித்து அறுத்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்போ சின்னவ காலேஜ் முடிக்கிற வரைக்கும்" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

அடுத்த கண்ணியைப் பொத்தத் தொடங்கினார். இருட்டும்வரை நானும் அங்கேயே இருந்தேன்.